ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்

காலை எட்டு மணிக்குச் செல்லக்கனி ஏழாம் கிளைக்காலின் படியில் இறங்கினாள். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. வாழைத் தோப்புக்கு மேலே அது ஆறிய பாலின் ஆடையைப் போலக் கிடந்தது. கால்வாயின் நடுவே மயிலாடியில் கொத்திய கருங்கல் ஒன்று நின்றது. மீட்டரும் சென்டிமீட்டரும் அதில் கோடுகளாக வெட்டப்பட்டிருந்தன. கல்லைச் சுற்றித் தொட்டால் சுருங்குகிற தொட்டாவாடி பூத்திருந்தது. பத்தாவது கோட்டில் ஓர் ஓணான் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தது. செல்லக்கனி பையிலிருந்து பதிவேட்டை எடுத்துத் தேதி போட்டாள். நீர்மட்டம் என்ற கட்டத்தில் 0.01 என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அந்தக் கிளைக்காலில் தண்ணீர் வந்து பதினோரு வருடம் ஆகிறது. சாலையை அகலமாக்கிய வருடத்தோடு நின்றுபோனது.

அவள் பாசன உதவியாளர். கணவர் அதே வேலையில் இருக்கும்போது இறந்துபோனதால், ஒன்பது வருடத்துக்கு முன் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. ஏழாம் காலும், ஒரு மைல் தெற்கே ஓடுகிற எட்டாம் காலும் அவள் பொறுப்பு. எட்டாம் காலில் தண்ணீர் உண்டு. அதன் மதகு ஷட்டரின் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும்.

முதல் மூன்று வருடம் ஏழாம் காலுக்கு 0.00 என்றுதான் எழுதினாள். பிறகு பதிவு முழுவதும் கம்ப்யூட்டருக்குப் போனது. ஒரு நாள் பிரிவு அலுவலகத்திலிருந்து அபிலாஷ் போன் செய்தான். அவன்தான் அங்கே கணினியில் ஏற்றுகிறவன்.

"எக்கா, பூஜ்யம் போட்டா செவப்புக் கோடு காட்டி நிக்குது. மேல போக மாட்டேங்குது."

"ஒரு சொட்டு வெள்ளம் இல்லாத காலுக்குப் பின்ன என்னத்த எழுத?"

"ஒரு சென்டிமீட்டர் போடுங்க. ஆருக்கு என்ன நட்டம்? ஏழாம் கால் போகலேன்னா மொத்த ரிப்போர்ட்டும் நிக்கும். சென்னையிலேர்ந்து எனக்குத்தான் ஏச்சு."

போட்டாள். ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

தினமும் காலையில் எழுதுகிற ஒன்று கொஞ்ச நாளில் பொய் மாதிரித் தெரிவதில்லை. முதலில் அவள் எழுதிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவாள். பிறகு நின்று பார்க்கத் தொடங்கினாள். பனி கலையும் வேளையில் கால்வாய்த் தரை லேசாக மினுங்கும். காற்றில் புரளும் மாவிலை மிதந்து போவது போலிருக்கும். நகம் நனையும் அளவுக்கு, கண்ணாடித் தாள் போல ஒரு தண்ணீர், ஓசையில்லாமல், எந்த வயலையும் நோக்கி அவசரப்படாமல் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். சில நாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கரையேறுவாள். ஏறிய பிறகு சுற்றும்முற்றும் பார்த்துக்கொள்வாள்.

அன்று கரையேறியபோது போன் அடித்தது. அபிலாஷ்.

"எக்கா, சிரிக்காதீங்க. நம்ம ஏழாம் கால் மாவட்டத்துல முதலாவது."

"எதுல?"

"தண்ணிய வீணாக்காம பயன்படுத்துறதுல. இருநூத்திப் பன்னிரண்டு ஏக்கர ஒரு சென்டிமீட்டர்ல பாய்ச்சுதாம். கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு எடுத்திருக்கு. வியாழக்கெழம ஆய்வு அதிகாரி நேர்ல வாறாரு. சான்றிதழ் உண்டு."

இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் பழைய பதிவேட்டில் இருப்பது. அதில் பாதி இப்போது வீட்டு மனை. மீதியில் ரப்பரும், போர் போட்டு நனைக்கிற வாழையும் நிற்கின்றன. செல்லக்கனி சிரிக்கத்தான் செய்தாள். அபிலாஷும் சிரித்தான். அலுவலகத்தில் பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது.

மறுநாள் வந்த உத்தரவில் சிரிக்க எதுவும் இல்லை. உதவிப் பொறியாளர் நந்தனா கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள். வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆன பெண். ஏழாம் காலை முன்மாதிரியாகக் கொண்டு, பக்கத்துக் கால்களிலும் நீர் விரயத்தைக் குறைக்க வேண்டும். எட்டாம் காலின் மட்டத்தை வெள்ளிக்கிழமை முதல் நாற்பது சென்டிமீட்டரிலிருந்து பத்துக்கு இறக்க வேண்டும். பாசன உதவியாளர் ஷட்டரை இறக்கிவிட்டுப் படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும்.

மாசியில் அறுக்கிற கும்பப்பூ நெல் அப்போது பால் பிடிக்கிற பருவம்.

எட்டாம் காலின் கரையில் தாணுமாலயன் அவளுக்காகக் காத்திருந்தார். அங்கே மூன்று ஏக்கர் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். சேதி அவருக்கு அவளுக்கு முன்பே வந்துவிட்டது.

"பிள்ளே, ஒனக்க ஏழாம் கால் ஒரு சென்டிமீட்டர்ல எரநூறு ஏக்கர நனைக்குதாமே. அது வெள்ளமா, பெருமாள் கோயில் தீர்த்தமா?"

"சும்மா இருங்க அண்ணாச்சி."

"இல்ல, ஒரு கும்பா எனக்கும் தந்தேன்னா தெளிச்சிட்டு வீட்டுல படுத்திருப்பேன்லா."

தண்ணீர் ஷட்டருக்குக் கீழே நுரைத்து, அடங்கி, வயல்களுக்குள் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு கதிரை உருவி நகத்தால் அழுத்தினார். வெள்ளையாக ஒரு துளி வந்தது. அதை அவளிடம் காட்டிவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இனி பதினஞ்சு நாள். அது வர வெள்ளம் நிக்கணும். கொறஞ்சா எல்லாம் பதருதான்" என்றார். "நீ என்ன செய்வ, உத்தரவு வந்தா இறக்கத்தானே வேணும்." வேறொன்றும் கேட்காமல் வரப்பில் நடந்து போனார். கேட்டிருந்தால் அவள் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

ஓய்வுக்கு நான்கு வருடம் இருந்தது. ஆறு வருடம் என்றால் இரண்டாயிரத்துக்கு மேல் கையெழுத்து. ஒவ்வொன்றும் அவளுடையது. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் தன் கையாலேயே ஷட்டர் சக்கரத்தைத் திருக வேண்டும்.

புதன்கிழமை பிரிவு அலுவலகத்துக்குப் போய், அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாக அபிலாஷிடம் சொன்னாள். அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எக்கா, வாயத் தொறந்திராதீங்க. ஒங்களோட எனக்கும் சேத்துப் போகும். மொதல்ல நாளைய கடத்துவோம். எட்சனுக்க தண்ணி லாரில ரெண்டு நடை வெள்ளம் அடிச்சு விடுவோம். ஒரு சென்டிமீட்டர்தானே? நிக்கும்."

"வெள்ளிக்கெழமைக்கு என்ன செய்ய?"

"அது வெள்ளிக்கெழம பாத்துக்கிடலாம்."

வியாழன் காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. எட்சன் குழாயைக் கால்வாய்க்குள் போட்டுத் திறந்துவிட்டான். காய்ந்த மண் முதலில் புகைந்தது. பிறகு தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு, பூனை நடப்பது போல மெல்ல முன்னேறியது. கல்லின் அடியைத் தொட்டது, சுற்றிக்கொண்டது, அப்பால் போனது. எங்கிருந்தோ இரண்டு கொக்குகள் வந்து இறங்கின. வேலிக்கு அப்பால் வீட்டு மனையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

செல்லக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். அவள் ஆறு வருடமாகப் பார்த்து வந்த தண்ணீரேதான். அதே கனம், அதே மினுக்கம். வாழை நிழல் அதில் அசைந்தது. கல்லைக் குனிந்து பார்த்தாள். முதல் கோட்டில் நின்றது. பதிவேட்டில் அன்று அவள் எழுதப்போகிற எண் உண்மை. இப்படியே இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. மனது அந்த இடத்தில் சுகமாகப் படுத்துக்கொண்டது.

அதிகாரியின் ஜீப் ஒன்பது மணிக்கு வர வேண்டியது. வழியில் எங்கோ ரயில்வே கேட் அடைத்திருந்ததால் பத்தாகிவிட்டது. அதற்குள் மண் தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டது. கொக்குகளும் போய்விட்டன. இரண்டாவது நடைக்குப் போன லாரியைக் காணவில்லை. ஈரம் மட்டும் கறுப்பாகப் பரந்து கிடந்தது.

அதிகாரி கையில் டேப்லெட்டோடு இறங்கினார். பின்னால் நந்தனா. அபிலாஷ் சற்றுத் தள்ளி நின்றுகொண்டான். அதிகாரி கல்லைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், படம் எடுத்தார். அவர் முகத்தில் சந்தேகம் இல்லை.

"பார்த்தீங்களா நந்தனா, மண்ணுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் போகுது. ஒரு சொட்டு நிக்கல. எட்டாவதையும் இப்படிக் கொண்டு வந்துட்டா, மிச்சமாகிற தண்ணியில இன்னொரு கால்வாயே ஓட்டலாம்." பிறகு செல்லக்கனியிடம் திரும்பினார். "நீங்கதானே இதைப் பராமரிக்கிறது? எப்படிம்மா இது முடிஞ்சுது?"

அவள் அபிலாஷைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரியும்.

"சார், இது லாரி வெள்ளமாக்கும்" என்றாள்.

"என்னது?"

"காலைல லாரில அடிச்சது. இந்தக் கால்ல வெள்ளம் வந்து பதினொரு வருசம் ஆச்சு. பூஜ்யம்னு எழுதினா கம்ப்யூட்டர் எடுக்கல. அதனால ஒரு சென்டிமீட்டர்னு எழுதினேன். இங்க வயலும் கெடையாது. எட்டாம் கால்ல உண்டு. அங்க நெல்லு பால் பிடிச்சு நிக்கி. நாளைக்கு நான் ஷட்டர இறக்கினா அது செத்துப்போகும்."

அதிகாரி டேப்லெட்டைப் பார்த்தார். விரலால் மேலும் கீழும் தள்ளினார். ஆறு வருடமும் ஒரே எண்ணாக ஓடியது.

"இதெல்லாம் யார் எழுதினது?"

"கையெழுத்து எனக்கதுதான் சார்."

"யார் எழுதச் சொன்னது?"

"நான்தான் எழுதினேன்."

அபிலாஷ் தலையைக் குனிந்து ஒரு கல்லைச் செருப்பால் உருட்டினான்.

அதிகாரி நந்தனாவிடம் திரும்பினார். பிறகு குரலை உயர்த்தாமல், "எட்டாம் கால் உத்தரவை நிறுத்தி வைங்க. இவங்க சொன்னதை எழுதி வாங்குங்க. விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் கொடுங்க" என்றார். ஜீப்பில் ஏறி, டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அபிலாஷும் அதே ஜீப்பில் பின்னால் ஏறிப் போனான்.

செல்லக்கனி படியில் உட்கார்ந்து நந்தனா கொடுத்த தாளில் எழுதினாள். நந்தனா வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"அக்கா, தண்ணி ஏன் வராம போச்சு?"

பதினோரு வருடத்தில் அலுவலகத்திலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை. முதலில் கேட்க யாருக்கும் நேரமில்லை. பிறகு பதிவேட்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"வாங்க மேடம், காட்டுதேன்."

இருவரும் கால்வாய்க்குள்ளேயே வடக்கே நடந்தார்கள். சாலை தலைக்கு மேலே வந்தது. லாரிகள் இரைந்து போயின. சாலையின் அடியில் ஒரு சிமென்ட் குழாய் வாயைத் திறந்துகொண்டு அந்தரத்தில் நின்றது. குழாயின் அடிவிளிம்பு அவர்கள் முழங்காலுக்கு மேலே இருந்தது. நந்தனா குனிந்து அதற்குள் பார்த்தாள். அந்தப் பக்கத்து முனையில் ஒரு வட்ட வெளிச்சம் தெரிந்தது. அதில் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே தண்ணீர் தளும்பி நின்றது. அதற்குள் ஆகாயம் இருந்தது, ஒரு தென்னை தலைகீழாக இருந்தது.

"ரோட்ட அகலமாக்குனப்ப குழாய உயரத்துல வச்சிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான் விசயம்" என்றாள் செல்லக்கனி.

நந்தனா பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒரு முனையைச் செல்லக்கனி கால்வாய்த் தரையில் அழுத்திப் பிடித்தாள். நந்தனா குழாயின் விளிம்பில் வைத்துப் பார்த்து, "அறுபத்தி மூணு" என்றாள். நோட்டைத் திறந்து எழுதப் போனாள்.

"எழுதாதீங்க மேடம்" என்றாள் செல்லக்கனி. "இன்னொரு தடவ அளந்துக்கிடுவோம்."