திமிங்கிலப் பல்

சர்க்கரை ஆலைக் கழிவு எங்கள் ஆற்றைக் கறுப்பாக்கி மீனையெல்லாம் கொன்றது. வழக்குப் போட நாங்கள் கிளம்பிய காலையில் ஆலை மேலாளர் திமிங்கிலப் பல்லோடு வந்து, ஊர்த்தலைவர் பெனியோனி முன்னால் மண்டியிட்டார். கண்ணீர்கூட வந்தது, மகராசனுக்கு.

"வாங்கிடாதீங்க தலைவரே!" என்று கத்தினேன்.

"நீட்டின பல்லை மறுத்தா நம்மள மனுஷன்னு எவன் மதிப்பான், லித்தியா? பேசாம உக்காரு!"

வாங்கிவிட்டார். ஃபிஜியில் பல்லை வாங்கினால் மன்னித்ததாக அர்த்தம். அந்தத் தப்பைப் பற்றி அப்புறம் யாரும் வாயே திறக்கக் கூடாது. வழக்கு அங்கேயே செத்தது.

மறுவாரமே ஆறு மறுபடி கறுத்தது. தலைவர் வீட்டுக்கு ஓடினேன்.

"இது புதுத் தப்பு! இதுக்கு வழக்குப் போடலாம்ல?"

அவர் பாய் விரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆலைக்காரங்க வந்துட்டிருக்காங்க. இன்னொரு பல்லோட."