நாலு முறுக்கு

மத்தியானம் தங்கை ஒலிம்பிக்ஸுக்குக் கிளம்புகிறாள். "நாணுக்கு மட்டும் மெழுகு தேய்ச்சு வைக்கா, நீ தேய்ச்சாதான் நல்லாயிருக்கும்" என்று வில்லை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள்.

சமையலறையில் அம்மா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "இனிமே அவளுக்கென்ன, பணம் கொட்டும்!"

அக்காவுக்கு வயிறு எரிந்தது. அவளும் வில் பிடித்தவள்தான். வீட்டுக்கு ஒரு சம்பளம் வேண்டும் என்று கண்ணாடிக்கடை வேலைக்குப் போனவள். மெழுகு தேய்த்த கை நாணைக் கழற்றியது. நாலு முறுக்கு ஏற்றி மறுபடி பூட்டியது. பார்த்தால் தெரியாது. ஆனால் எழுபது மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கில் அம்பு நடு மஞ்சளை விட்டு இறங்கிவிடும்.

தங்கை தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"கோடீஸ்வரி ஆனப்புறம் எங்களையெல்லாம் மறந்துடாதடி" என்றாள் அக்கா.

"கோடியா?" தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "பதக்கம் வந்தா ஏதோ பரிசு தருவாங்க. இல்லேன்னா திரும்பி வந்து அதே சூப்பர் மார்க்கெட்ல பில் போடணும். இந்த மாச லீவுக்கே சம்பளம் கிடையாதுன்னுட்டார் மேனேஜர். விளம்பரத்துக்குக் கூப்பிட என் மூஞ்சி யாருக்குத் தெரியும்?"

"அப்ப எதுக்குடி இந்தப் பாடு?"

"அம்பு விரலை விட்டுப் போகும்போது ஒரு நிமிஷம் எல்லாமே அடங்கிப்போகுமே. உனக்குத் தெரியாததாக்கா?"

தெரியும். அதுதான் வலித்தது. பணத்தின் மேல் பொறாமைப்படுவது சுலபமாக இருந்தது, ஊரே படுமே. இந்த அமைதியோ, அவளே சம்பளத்துக்காக விட்டுவிட்டு வந்தது. தங்கை சம்பளமே இல்லாமல் அதை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

தங்கை வில்லை வாங்கி நாணைச் சுண்டினாள். முகம் மாறியது. "சத்தம் ஏறியிருக்கேக்கா?"

ஒரு கணம்தான். மெழுகு புதுசு என்று சொல்லிவிடலாம். இவள் நம்புவாள், அக்கா சொன்னால் எதையும் நம்புவாள்.

"முறுக்கு கூடிடுச்சு போல. கொண்டா இங்க."

நாணைக் கழற்றி, ஏற்றிய நாலையும் இறக்கி, பூட்டிச் சுண்டினாள். பழைய சத்தம் வந்தது.

"அளந்துகூடப் பாக்கலையே! உன் காது இன்னும் அப்படியே இருக்குக்கா."

அந்தப் பாராட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தங்கை வில்லைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகும், மெழுகு எப்போதோ போய்விட்ட விரல்களை அக்கா துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.