தண்ணீர் ஆறும் வரை

ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த தலைமையாசிரியரைப் பாதியில் விட்டுவிட்டு அவள் எழுந்தாள். கூடத்தின் நடுவே அவளுடைய கணவரைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் நாற்காலிகள், மூக்குறிஞ்சல், பாதி குடித்த காபி டம்ளர்கள். இத்தனைக்கும் நடுவில் அவள் காதில் விழுந்தது உள்ளறைக் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம். காலையிலிருந்து ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது, இப்போது கீச்சென்று ஏறியிருந்தது. வருடக்கணக்காகப் பள்ளி வேன் ஓட்டுகிறவளின் காது அது. எஞ்சின் லேசாக முனகினாலே கண்டுபிடித்துவிடும்.

உள்ளே போனால், மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி கம்பளிப் போர்வையால் இழுத்து மூடப்பட்டிருந்தது. பக்கத்தில் அவளுடைய சித்தி, பெரிய வேலை ஒன்றை முடித்த திருப்தியோடு நின்றாள்.

“என்ன சித்தி இது?”

“கண்ணாடிக்குள்ள கலர் கலரா லைட்டு எரியுதுடி. துக்க வீட்டுக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க? அணைக்கத் தெரியல. அதான் மூடிட்டேன்.”

அவள் போர்வையை உருவி எறிந்தாள். அனல் முகத்தில் அடித்தது. திரையின் ஓரத்தில் சூட்டின் அளவு தொண்ணூற்றாறு என்று காட்டியது. நூறைத் தொட்டால் தானே அணைந்துவிடும், கதை முடிந்தது. ஆனால் கணவர் நேற்று ஓடவிட்ட சோதனை இன்னும் நிற்கவில்லை. அதுவரைக்கும் பிழைத்தது.

சித்தியைத் திட்டிப் பிரயோசனமில்லை. அந்தப் பெட்டியின் மண்டையில்தான் அதன் மூச்சே இருக்கிறது என்று சித்திக்கு எப்படித் தெரியும்? பார்க்கிற யாருக்கும் அது சும்மா மினுக்கிக்கொண்டிருக்கிற பெட்டிதான்.

அவள் அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். கணவர் அந்தத் தலைமையாசிரியரின் பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் சக்களத்தி முன்னால் உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருக்கிற சிப்பு இவ்வளவு வேகம்தான் ஓடும் என்று அதைச் செய்தவர்கள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். “பயந்து பயந்து எழுதியிருக்காங்க. இது இன்னும் ஓடும்” என்பார் இவர். ஓட்டினார். வேகம் ஏற ஏறச் சூடும் ஏறியது. அப்புறம்தான் தண்ணீர் வந்தது. சின்ன பம்பு ஒன்று தண்ணீரைச் சிப்பின் தலைமேல் ஓடவிட்டு, சூட்டை வாங்கி, மேலே இருக்கிற ரேடியேட்டருக்குத் தள்ளும். விசிறிகள் அதை வெளியே ஊதிவிடும்.

“வேன்ல இருக்கிறதுதானே” என்று முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கும் அதில் பாதிப் பங்கு. முதல் தடவை தண்ணீர் ஊற்றியபோது மேசை குளித்தது, தரை குளித்தது, இவர் மூஞ்சி தொங்கிப்போயிற்று. ஸ்பேனரோடு வந்து குழாய் மூட்டை இறுக்கியவள் அவள்தான். இதையெல்லாம் வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். “வேகமா ஓடும்” என்பார். ஓடி? “வேகமா ஓடும்.” அவ்வளவுதான் பதில். அந்தப் பதிலுக்காகவே அவரை அவளுக்கு அத்தனை பிடிக்கும்.

அவர் ஆசைப்பட்ட வேகம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஒரு முழு நாள், முழுச் சுமையில், ஒரு தப்பும் இல்லாமல் ஓடினால்தான் அந்த வேகம் நிலைத்து நின்றதாகக் கணக்கு. மாதக்கணக்கில் முயன்றார். ஒவ்வொரு தடவையும் எங்கேயாவது படுத்துவிடும். நேற்று மத்தியானம் மறுபடி ஆரம்பித்தார். படுக்கப் போகும்போது, “நாளைக்கு லீவு. நான் எழுந்திரிக்க நேரமாகும். முடிஞ்சதும் நீ பாத்துச் சொல்லு” என்றார்.

அவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து, இதயம், தூக்கத்திலேயே போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சோதனை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

“அண்ணி, வண்டி வந்துடுச்சு” என்று கொழுந்தன் கதவருகே வந்து நின்றான். அழுது அழுது கண் சிவந்திருந்தது. “எடுத்துடலாமா?”

“இருங்க தம்பி. இது முடியட்டும்.”

அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “அங்க அண்ணன் கிடக்கிறாரு. நீங்க இங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டு நிக்கிறீங்க. ஊரே வந்து உட்கார்ந்திருக்கு அண்ணி.”

“உட்காரட்டும்.”

“நான் அணைச்சிடறேன். அப்புறமா வந்து போட்டுக்கலாம்.” அவன் கை சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போனது.

“கையை வச்சீங்க, ஒடிச்சிடுவேன்” என்றாள். சத்தமே போடவில்லை. குறுக்கே வருகிற வண்டிக்காரனிடம் பேசுகிற அதே குரல். “இது முடிஞ்சதும் பாத்துச் சொல்லுன்னு உங்க அண்ணன் என்கிட்ட சொல்லிட்டுப் படுத்தாரு. அது தெரியாம அவரை அனுப்ப மாட்டேன்.”

கை நின்றது. கூடத்தில் யாரோ, “பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு” என்று குசுகுசுத்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. என்ன செய்யவேண்டும் என்று அன்றைக்கு அந்த வீட்டில் சந்தேகமே இல்லாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

“அது என்ன நம்பரு?” என்று கொழுந்தன் கேட்டான்.

“சூடு. சித்தி போட்ட போர்வையில ஏறிடுச்சு. இறங்கணும்.”

தொண்ணூற்றாறிலேயே அது அடம்பிடித்து நின்றது. தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்படுத்த முடியாது. கொழுந்தன் ஜன்னலைத் திறந்து திரைச்சீலையை ஒதுக்கினான். யாரும் சொல்லாமலே கூடத்திலிருந்து மேசை விசிறி ஒன்றைத் தூக்கி வந்து பெட்டிக்கு நேராக வைத்தான். தொண்ணூற்றைந்து. வெகு நேரம் கழித்துத் தொண்ணூற்று மூன்று. பிறகு எண்பதுகளுக்கு வந்தது.

இருவரும் கட்டில் விளிம்பில் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள். தலையணையில் இன்னும் குழி இருந்தது. அந்தப் பக்கம் அவள் பார்க்கவில்லை.

திரையில் ஒரு வரி பச்சையாக வந்து நின்றது. சோதனை முடிந்தது, பிழை எதுவும் இல்லை. சுமை இறங்கியதும் விசிறிகளின் இரைச்சல் படிப்படியாகத் தணிந்தது. காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன கூடம் சட்டென்று பேச்சை நிறுத்தியது.

அவள் போய்க் கணவரின் தலைமாட்டில் குனிந்து, “வேகம் நிலைச்சு நின்னுடுச்சு. ஒரு தப்புகூட இல்ல” என்றாள். தூக்கத்திலிருந்து எழுப்பாமல் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள். பிறகு நிமிர்ந்து, “எடுக்கலாம். இதோ, அதை அணைச்சுட்டு வந்துடறேன்” என்றாள்.

தூக்க வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் வரவில்லை. கொழுந்தன் எட்டிப் பார்த்தான். அவள் பெட்டியின் மேல்பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். விரல் இடுக்குகளில் வெதுவெதுப்பான காற்று வந்துகொண்டிருந்தது.

“அண்ணி?”

“உடனே நிறுத்தக் கூடாது தம்பி. தண்ணி ஆறணும்.”

அவன் கூடத்தின் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டிவிட்டு, கதவைப் பாதி சாத்தினான். காற்றில் வெதுவெதுப்பு குறைந்துகொண்டே வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.