விளம்பர இடைவேளையில்

மிச்சமிருந்த மார்ஃபினைப் பழைய காப்பித் தூளில் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தான் டுவேன். மருந்தை அப்படித்தான் அழிக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் தொலைக்காட்சி தானாகவே பேச ஆரம்பித்தது.

கரண்டி அவன் கையில் அப்படியே நின்றது. கூடத்தில் யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கூடத்தில்தான், வாடகைக் கட்டிலில் கிடந்தபடி, அம்மா ஐலி கடைசி மூச்சை விட்டாள். கட்டிலை நேற்றே வந்து எடுத்துப் போய்விட்டார்கள். கம்பளத்தில் அதன் கால்கள் பதிந்த பள்ளங்கள் மட்டும் இருந்தன.

"டைமர் வச்சிருக்கு," என்றாள் அக்கா ஷெரில். சாப்பாட்டு மேஜைமேல் போர்வையை விரித்து, அம்மாவின் நீல நிற உடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இறப்புச் செய்தி கேட்டு மினியாபொலிஸிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவள். "வியாழக்கிழமை எட்டு மணியானா தானா வந்துடும். நான்தான் போன கிறிஸ்துமஸுக்கு வச்சுக் கொடுத்தேன். ஒரு வாரம்கூடத் தப்பக் கூடாதாம் மகாராணிக்கு."

"அணைச்சுடு."

"நீ அணை. என்னால ஆகாது."

அவனாலும் ஆகவில்லை. 'ஹார்க்கின்ஸ் கவுண்டி கோர்ட்' தொடர் தன் பாட்டுக்கு ஆரம்பித்தது.

சும்மா சொல்லக் கூடாது, இந்த நாட்டு ஜனாதிபதியைப் பற்றிக்கூட அம்மாவுக்கு அத்தனை அபிப்பிராயங்கள் இருந்ததில்லை. நீதிபதி பெக்கம் வாயில் சுட்ட உருளைக்கிழங்கை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறாராம். எதிர்த்தரப்பு வக்கீல் விக்டர் லாங் முகத்தில் புருவம் மட்டும்தான் நடிக்கிறதாம், மீதி தூங்குகிறதாம். அரசு வக்கீல் மார்லா ட்ரெண்டை மட்டும் பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொண்டாள். அந்த வேடத்துக்குப் போன வருஷம் வேறு ஒரு நடிகையைப் போட்டார்கள். ஒரு மாதம் போல அம்மா அந்தப் புதுப்பெண்ணோடு சண்டையே பிடித்தாள். "அழறா, மூக்கு சிவக்கவே இல்ல. மூக்கு சிவக்காத அழுகைய நான் நம்ப மாட்டேன்."

குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான். உள்ளே தள்ளு. சின்னப் பையன், கிழவி, பைத்தியம், யாராக இருந்தாலும் சரி. டுவேனின் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். வியாழக்கிழமை ஆனால் அவன் வெளியே போய்ச் சௌனா என்கிற வேர்வைக் குளியல் அறையின் அடுப்பை மூட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்துவிடுவான். அங்கேயும் காதுக்குள் அந்தக் குரல் கேட்கும். உள்ள தள்ளு அவனை.

ஷெரில் உடையை மடிக்காமல் கையில் ஏந்திக்கொண்டாள். "அம்மாவுக்கு உடுத்த, இறுதிச்சடங்கு நடத்தறவர்கிட்ட குடுத்துட்டு வரேன். காத்துட்டு இருப்பார்." வாசலில் நின்று திரும்பினாள். "நாளைக்கு சர்ச்சுல நீ ரெண்டு வார்த்தை பேசு, டுவேன். அம்மாகூட இருந்தவன் நீதான்."

"என்னத்தப் பேச?"

அதற்குள் அவள் போய்விட்டாள். நாளை பிரார்த்தனையும் காப்பியும் மட்டும்தான். தரை கல்லாக உறைந்து கிடப்பதால் மே மாதம்தான் குழி வெட்டுவார்கள். அதுவரை கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் மற்றவர்களோடு அம்மாவும் பெட்டிக்குள் காத்திருக்க வேண்டும். அதை நினைத்தால் அவனுக்கு என்னவோ போலிருந்தது. அவள் இன்னும் முழுசாகக் கிளம்பவில்லை என்று பட்டது.

திரையில் ஒரு சமையல்காரப் பையன் கூண்டில் நின்றான். ஹோட்டலில் தீ. உள்ளே ஒரு ஆள் செத்துப்போனான். "உள்ளே ஆள் இருந்தது எனக்குத் தெரியாது," என்றான் பையன். முதல் விளம்பரம் வந்தது. சோப்புத்தூள்.

தொலைபேசி அடித்தது.

யார் என்று அவனுக்குத் தெரியும். விளம்பரம் வரும்போதெல்லாம் அந்தத் தொலைபேசி அடிக்கும். விளம்பரம் முடிந்தால் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இரண்டு பக்கமும் வைத்துவிடுவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான். அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்தான்.

"அந்தப் பையன் முகத்தைப் பாத்தியா ஐலி," என்றது கிழட்டுக் குரல். "ரெண்டு நாளா தூங்காதவன் மாதிரி எவ்ளோ அழகா..." குரல் நின்றது.

"அம்மா இல்ல," என்றான் டுவேன். 

"தெரியும்." மூச்சு வாங்குவது கேட்டது. "கை தானா நம்பரப் போட்டுடுச்சு. நீ டுவேனா?"

"ஆமா."

விளம்பரம் முடிந்தது. அவள் வைத்துவிட்டாள்.

அவன் அம்மாவின் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தான். நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. லெம்பி ஹாக்கலாவின் குரலை அவன் கடைசியாகக் கேட்டது நிஜமான ஒரு கோர்ட்டில்.

அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மான் வேட்டைப் பருவம். மத்தியானத்திலிருந்து குடித்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் வண்டியை எடுத்தான். லெம்பியின் புருஷன் ரெய்னோ வீட்டு வாசலில், ரோட்டோரம், அன்றைய தபாலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி அவன்மேல் மோதியது. டுவேன் நிறுத்தவில்லை. நேரே வீட்டுக்கு வந்தான்.

அந்தப் பக்கத்தில் மானை இடிக்காத வண்டி கிடையாது. மானை இடித்ததாகத்தான் நினைத்தான் என்று அவன் வக்கீல் கேஸைக் கட்டினார். அம்மாவும் 'மான்னுதான் சொன்னான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சில மாதங்களில் வீட்டுக்கு வந்திருப்பான். அவள் சாட்சிக் கூண்டில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "வாசல்ல வந்து நின்னு, 'அம்மா, ரெய்னோவ இடிச்சுட்டேன்'னான். அப்படித்தான் சொன்னான்." அதற்குப் பிறகும் அவன் மான் என்றே சாதித்தான். ஜூரி யாரை நம்பும்? ஆறு வருஷம் உள்ளே இருந்தான்.

வெளியே வந்தபோது அவன் அறை வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மா சோறு போட்டாள், துணி துவைத்தாள், அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. 'எனக்கு வேற வழி தெரியலடா' என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் போதும். அதற்காகத்தான் அவன் இந்த வீட்டிலேயே கிடந்தான் என்றுகூடச் சொல்லலாம். அவளோ, வாராவாரம், செத்தவனின் பெண்டாட்டியிடமே போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், உள்ள தள்ளு என்று. கடைசி வாரத்தில் மருந்து மயக்கத்தில்கூட ஏதாவது உளறுவாளா என்று கட்டிலருகே காத்துக் கிடந்தான். ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமையோடு அதுவும் முடிந்தது.

இரண்டாவது விளம்பரம். அடித்தது. இந்த முறை உடனே எடுத்தான்.

"அந்த மார்லா ட்ரெண்ட் கத்தினாளே, எப்படி இருந்துச்சு?" என்றாள் லெம்பி. பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் இதைப் பிடித்துக்கொண்டாள் போல.

"எனக்கு என்ன தெரியும், மிஸஸ் ஹாக்கலா."

"உங்கம்மா என்ன சொல்லியிருப்பா?"

அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "கத்தினா மட்டும் வக்கீல் ஆயிட முடியாது, பழையவ கண்ணாலேயே கழுத்தைப் பிடிப்பான்னு சொல்லியிருப்பாங்க."

லெம்பி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. "அப்படியேதான் சொல்லியிருப்பா, பாவி. இன்ஷூரன்ஸ் விளம்பரத்துல வந்தவளயெல்லாம் வக்கீல்னு நம்பச் சொல்றாங்கன்னு என் உசுர வாங்கினா. எனக்கு அவளப் பிடிக்கும். அதைச் சொன்னா உங்கம்மா ரெண்டு வாரம் பேச மாட்டா." நீதிபதியின் சுத்தியல் தட்டியது. வைத்துவிட்டாள்.

வீட்டில் கணப்பு விறகு வெடித்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நகர்ந்தது போலிருந்தது. தன் அறைதான், காலி அறைதான் என்று தெரிந்தும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தத் தொடரை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது விளம்பரத்தில் அவனே முந்திக்கொண்டான். "ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அம்மா எப்பவும் உள்ள தள்ளணும்னுதான் சொல்லுவாங்க. ஒவ்வொரு வாரமும். எனக்குக் கேக்கும். உங்ககிட்ட..." தொலைக்காட்சிக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான். "என்னைப் பத்திதான் சொன்னாங்களா?"

லெம்பி வீட்டுத் தொலைக்காட்சியிலும் அதே கார் விளம்பரம் ஓடுவது காதில் கேட்டது.

"உனக்கு அவ பக்கம் மட்டுந்தான் கேட்டிருக்கு," என்றாள். "நான் என்ன சொல்லுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்? நான் விட்டுடணும்பேன். எவன் கூண்டுல நின்னாலும் சரி. சின்னப் பையன், பயந்துட்டான், வீட்டுக்கு அனுப்புங்கம்பேன். அந்தப் புருவக்காரன் விக்டர் லாங் நடிப்பு எனக்கு மட்டும் பிடிக்குமா? சகிக்காது. ஆனா அவன் கட்சியத்தான் நான் பேசுவேன்."

"ஏன்?"

"அவ எப்படிடா பேசுவா? அவ வாயால விட்டுடுன்னு எங்கிட்ட எப்படிச் சொல்லுவா? எனக்காக அவ அரசு வக்கீல் கட்சி பேசினா. அவளுக்காக நான் உன் கட்சி பேசினேன். உன் பேரோ ரெய்னோ பேரோ ஒருநாளும் எடுத்ததில்ல." மறுபடி இருமினாள். "நீ உள்ள போன வருஷம் ஒரு வியாழக்கிழமை இதே மாதிரி போன் அடிச்சுது. அதுவரைக்கும் நாங்க முகங்கொடுத்துப் பேசினதில்ல. எடுத்தா, உங்கம்மா. என்னமோ சொல்ல வந்தா. வார்த்தையே வரல. கடைசில, 'இந்த வக்கீல் பொண்ணு நல்லா நடிக்கிறா இல்ல?'ன்னா. ஆமான்னேன். அடுத்த வாரம் நான் அடிச்சேன்."

தொடர் மறுபடி ஆரம்பித்தது. வைத்துவிட்டாள். டுவேன் வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். அழுகை வந்தது. அம்மா செத்தபோதுகூட வராத அழுகை. தான் சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருஷம் படுத்துக் கிடந்து பாதியை மட்டும் கேட்டு அவளை வெறுத்ததை நினைத்து அழுதான். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான்.

திரையில் ஜூரி எழுந்து உள்ளே போனார்கள். திரும்பி வந்தார்கள். கூண்டில் பையன் எழுந்து நின்றான். சரியாக அந்த இடத்தில் விளம்பரத்தைப் போட்டார்கள்.

"என்ன சொல்ற?" என்றாள் லெம்பி. "விளம்பரம் முடியறதுக்குள்ள நாங்க எங்க தீர்ப்பச் சொல்லிடுவோம். அதான் வழக்கம்."

"அம்மா குற்றவாளின்னு சொல்லியிருப்பாங்க."

"அவ சொல்றது எனக்குத் தெரியும். நீ என்ன சொல்ற?"

டுவேன் கம்பளத்தில் கட்டில் பதிந்த பள்ளங்களைப் பார்த்தான். "குற்றவாளிதான்," என்றான். "உள்ள ஆள் இருந்தது அவனுக்குத் தெரியும்." போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான். "எனக்குத் தெரியும், மிஸஸ் ஹாக்கலா. முகத்தைப் பாத்தேன். மான் இல்ல. ரெய்னோன்னு தெரிஞ்சுதான் நிறுத்தாமப் போனேன்."

போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தான். ஆனால் அவள் வீட்டுத் தொலைக்காட்சி தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு விளம்பரம் போய் இன்னொன்று வந்தது.

"இதுக்குத்தான் நான் உக்காந்திருந்தேன்," என்றாள் லெம்பி கடைசியில். "கோர்ட்டுல உங்கம்மா சொல்லி எனக்குத் தெரியும். அது வேற. நீ சொல்லணும்."

"சரி."

"என் கட்சியச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"விட்டுடலாம். வீட்டுக்குப் போகட்டும்."

தொடர் ஆரம்பித்துவிட்டது. ஜூரித் தலைவர் எழுந்து ஏதோ படித்தார். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பையனுக்கு என்ன ஆயிற்று என்று டுவேனுக்குக் கேட்கவில்லை. லெம்பிக்குக் கேட்டதா, தெரியாது. எழுத்துகள் ஓடி முடிந்தபோதுதான் அவள் தொண்டையைச் செருமினாள்.

"நாளைக்கு என்னை சர்ச்சுக்கு யாரு கூட்டிட்டுப் போறது? எப்பவும் உங்கம்மாதான் வருவா."

"ஷெரில வரச் சொல்றேன்."

"ஷெரிலுக்கு ஆயிரம் வேலை. நீ வா. பத்து மணிக்கு." வைத்துவிட்டாள்.

லெம்பி வீட்டு ரோட்டில் அவன் வண்டி போய் இருபது வருஷத்துக்கு மேலாயிற்று. மரம் அறுக்கும் மில் வேலைக்குக்கூட ஏரியைச் சுற்றித்தான் போவான்.

காலையில் பனி பெய்துகொண்டிருந்தது. அம்மாவின் வண்டியில் கண்ணாடியைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிவிட்டு, கறுப்புக் கோட்டோடு ஏறி உட்கார்ந்தான். ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத வெள்ளை. மாட்டுவண்டி வேகத்தில் போனான்.

வீட்டு வாசல்படியில் காத்திருப்பாள் என்று நினைத்திருந்தான். லெம்பி, அன்று ரெய்னோ நின்ற ரோட்டோரத்துக்கே வந்து நின்றிருந்தாள், கம்பளித் தொப்பியும் ஊன்றுகோலுமாக, அவன் நினைத்ததைவிடச் சின்ன உருவமாக. தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டான். இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவரலாம் என்று கதவைத் திறந்தான். அவள் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினாள். இறங்காதே, வண்டியைக் கொண்டுவா என்று.

கதவைச் சாத்தினான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி மெல்ல உருண்டது. வைப்பர் பனியை வழித்துத் தள்ள, கண்ணாடியில் அவள் முகம் தெரிந்து, மறைந்து, இன்னும் கிட்டத்தில் தெரிந்தது. லெம்பி வருகிற வண்டியைப் பார்த்தபடி, ஓர் அடிகூட ஒதுங்காமல் நின்றிருந்தாள்.