பிளம்பரின் வலது கண்

உலகத்தில் தன்னைத் தவிர எல்லோரும் மடையர்கள் என்பது பிளம்பரின் முடிவு. நாலாம் மாடியில் யார் தேயிலைச் சக்கையைச் சிங்க்கில் கொட்டினார்கள் என்பதைத் தரைத்தளத்துக் குழாயில் காதை வைத்தே சொல்லிவிடுவார். ஒரு தடவை அடைப்பைத் தட்டிப் பார்த்து, உள்ளே இருக்கும் முடி சாயம் போட்டது என்றாராம். சாயமே போடாத அந்த வீட்டில் மூன்று நாள் புருஷன் பெண்டாட்டி பேச்சில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு காலையில் வலது கண் மங்கியது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் எதிரே நிற்கும் ஆளின் காது தெரிந்தது, மூக்கைக் காணோம். மனைவி கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா அவர் மகளைவிடச் சின்னவள். விழித்திரை ரத்தத்தை வெளியேற்றும் சிரை அடைத்துக்கொண்டது, போக வழியில்லாத ரத்தம் கசிந்து பார்வையின் நடுப்பகுதி வீங்கிவிட்டது, அங்குள்ள செல்கள் பிராணவாயு இல்லாமல் திணறுகின்றன என்றாள். மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டு வீக்கத்தை இறக்க வேண்டும். தள்ளிப்போட்டால் போன பார்வை போனதுதான்.

பிளம்பர் சிரித்தார். "அடைப்பு குழாயில. நீ தரையைத் துடைக்கணும்ங்கற. யாரும்மா உனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது?"

"அடைப்பை எடுக்க முடியாதுங்க ஐயா. செல்லைத்தான் காப்பாத்த முடியும்."

எழுந்து வந்துவிட்டார். முப்பது வருஷத்தில் வடியாத தேக்கத்தை அவர் பார்த்ததில்லையாம். வடிந்தால் வீடு காயும், காய்ந்தால் குடித்தனக்காரர்கள் திரும்பி வருவார்கள். கண்ணும் அப்படித்தான் என்று மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

"குடித்தனக்காரங்க எழுந்து ஓடுவாங்க. கண்ணுக்குள்ள இருக்கறது எங்கங்க ஓடும்?" என்றாள் அவள்.

குழாயைத் தொட்டறியாதவள் பேச்சை யார் மதிப்பது?

எட்டு மாதத்தில் பக்கத்துச் சின்னச் சிரைகள் சுற்றுவழி போட்டுக்கொண்டன; வீக்கம் இறங்கியது. பிளம்பர் மீசையை முறுக்கிக்கொண்டு மறுபடி போனார். டாக்டரம்மா கண்ணைப் படமெடுத்துப் பார்த்தாள்.

"வடிஞ்சிடுச்சா இல்லையா?"

"வடிஞ்சிடுச்சுங்க. சுத்தமா காஞ்சு கிடக்கு." இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, எதிர்ச்சுவரில் இருந்த ஆகப் பெரிய எழுத்தைப் படிக்கச் சொன்னாள்.

பிளம்பர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, ஒரு எழுத்துகூட எழுதாத வெறும் பலகையை மாட்டிவைத்து ஊரை ஏமாற்றுவதாகச் சத்தம் போட்டார். மனைவி அவர் சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இடது கண்ணை அவர் இன்னும் பொத்திக்கொண்டுதான் இருந்தார்.