முன் அறைத் தீர்ப்பு

"காரணம் சொல்லுங்க சார்! காரணமே இல்லாம என் அறையைப் பிடுங்கிக் கொடுக்க நீங்க யாரு?"

டியூஷன் டீச்சர் போட்ட சத்தத்தில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டேன். நடுவில் ஒரே ஒரு சுவர். காது கொடுக்காமல் இருக்க நான் என்ன கல்லா?

கணவன் இறந்த பிறகு அந்த வீட்டு முன் அறையில்தான் அவள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள், பிழைப்பே அதுதான். கொழுந்தனுக்கு அதே அறையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை போட ஆசை. கோர்ட்டுக்குப் போனால் தலை நரைத்துவிடும் என்று, மாடி வீட்டு ரிட்டயர்டு கோர்ட் மொழிபெயர்ப்பாளரிடம் விட்டார்கள். அவர் சொல்வதற்கு இருவரும் கட்டுப்படுவதாகப் பேச்சு. தெருவில் அவருக்கு அகராதி என்று பெயர். படிப்புக்காக மட்டும் வைத்ததல்ல.

அகராதி வந்தார், இரண்டு அறைகளையும் எட்டிப் பார்த்தார், காப்பி குடித்தார். முன் அறை கொழுந்தனுக்கு, சமையலறைக்குப் பின்னால் இருப்பது டீச்சருக்கு என்று முடித்துவிட்டார். அதற்குத்தான் இந்தக் கத்தல்.

"ஒத்துக்கிட்டுத்தானே கூப்பிட்டோம் அண்ணி?" என்றான் கொழுந்தன், பால் குடித்த பூனை மாதிரி.

"நீ சும்மா இரு. சார், இதுக்கு இங்கிலீஷ்ல ஆர்பிட்ரரின்னு பேரு. மனசுக்குத் தோணினபடி செய்யறது!"

அகராதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. திட்டு வாங்கி மலர்ந்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"அது லத்தீன்ல ஆர்பிட்டர்ங்கிற வார்த்தைலருந்து வந்ததும்மா. ரெண்டு பேருக்கு நடுவுல நின்னு தீர்ப்பு சொல்றவர். சட்டத்துல எழுதி வைக்காததை அவர் யோசனைக்கு விடறதுதான் முதல்ல ஆர்பிட்ரரி. கௌரவமான வார்த்தை. குருட்டாம்போக்குங்கிற அர்த்தம் பின்னாடி ஒட்டினது."

"ஒட்டாம என்ன செய்யும்? நடுவுல நிக்கிறவங்க லட்சணம் அப்படி!"

பின் அறைக்குச் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். 'சமைக்கிற நேரம்' என்று கொழுந்தன் பெண்டாட்டி கதவைச் சாத்தினாள். சாயங்காலம் முழுக்கச் சமைத்தாள். அந்த வீட்டில் அப்படி என்னதான் சாப்பிட்டார்களோ. டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். டீச்சர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை இருக்கும் ஊருக்குப் போய்விட்டாள்.

போகும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அந்த மனுஷனுக்கு என் மேல கோபம் ஒண்ணும் இல்லக்கா. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டார். அப்படி நெனச்சாத்தான் மனசு ஆறுது."

அப்புறம் அகராதியின் மகளுக்கும் கொழுந்தன் பெண்டாட்டியின் தம்பிக்கும் கல்யாணம் நடந்தது. எப்போது பேசி முடித்தீர்கள் என்று கொழுந்தன் பெண்டாட்டியிடம் சும்மாதான் கேட்டேன்.

"அறைச் சண்டை வர்றதுக்கு முன்னாடியே பேசி முடிச்சு, அவங்க வீட்டுல கையெல்லாம் நனைச்சாச்சே!" என்றாள் அவள், வாய் நிறையச் சிரிப்போடு.

டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை.