வீணை வாத்தியாரம்மாவுக்குச் சிபாரிசு

பிரின்சிபால் சாம்பசிவனுக்குச் சிபாரிசு செய்வது கைவந்த கலை. அந்தக் காலத்து மைசூர் சமஸ்தானத்தில் பிடிக்காத வாத்தியாரை வேலையை விட்டு நீக்குவதெல்லாம் நடக்கிற காரியமில்லை. நீக்கினால் அவருக்கு எங்கிருந்தோ ஒரு மாமா முளைத்து அரண்மனை வரைக்கும் போய்விடுவார். அதனால் ஆளை வானளாவப் புகழ்ந்து அடுத்த ஊரார் தலையில் கட்டிவிடுவதுதான் வழக்கம். இலாகாவில் எல்லாருக்கும் இது தெரியும், எல்லாரும் செய்வார்கள், எல்லாரும் ஏமாறவும் செய்வார்கள்.

போன வருஷம் தன் காலேஜ் டிராயிங் மாஸ்டர் தொட்டையனைச் சாம்பசிவன் அப்படித்தான் கிளப்பி விட்டார். தொட்டையன் நல்ல மனுஷன், பாவம். ஆனால் வகுப்பில் நாற்காலியைக் கண்டால் தூங்கிவிடுவார், தூங்கினால் குறட்டை. அவரை அபூர்வமான கலைஞர் என்றும், விட்டுக்கொடுக்கத் தனக்கு மனசே இல்லாவிட்டாலும் கலையின் நன்மைக்காக விட்டுக்கொடுப்பதாகவும் சாம்பசிவன் நேரில் போய் உருகினார். கல்வி இலாகா அதிகாரி லிங்கப்பன் அதை அப்படியே நம்பி ஆளைப் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டார். குறட்டை இப்போது பெங்களூரில் கேட்கிறது.

இந்த வருஷம்தான் சோதனை வந்தது. ஆசிரியைகளுக்கென்று பெங்களூரில் புதிதாக ஒரு பயிற்சிப் பள்ளி திறக்கிறார்கள், அதில் சங்கீதத்துக்குத் தலைமை ஆசிரியை வேண்டும் என்று செய்தி வந்தது. வந்த மறுநாளே நாகலக்ஷ்மி அம்மாள் பிரின்சிபால் அறையில் வந்து நின்றார்.

நாகலக்ஷ்மி அம்மாளை மைசூரில் தெரியாதவர்கள் கிடையாது. சாம்பசிவனின் பெண்கள் காலேஜில் இருபது வருஷத்துக்கு மேலாக வீணை சொல்லிக்கொடுக்கிறவர். வாயைத் திறந்து ஒருத்தியைச் 'சபாஷ்' என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. யாராவது நன்றாக வாசித்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் தம்புராவை அவள் பக்கம் லேசாகத் தள்ளுவார். அன்றைக்கு அவள்தான் சுருதி போடவேண்டும். அந்தத் தம்புரா தன் பக்கம் வராதா என்று வருஷக்கணக்காக ஏங்கின பெண்கள் உண்டு, வந்த அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தவர்களும் உண்டு.

அவருடைய வகுப்புக்கும் சாம்பசிவன் அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். மூன்றாவது மணி அடித்தால் வீணை ஆரம்பிக்கும், சாம்பசிவன் கண்ணை மூடிக்கொள்வார். லீவு வேண்டியவர்களெல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் காகிதத்தை நீட்டுவார்கள். எங்கே கையெழுத்துப் போடுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் போட்டுவிடுவார், மகானுபாவர்.

தனக்கு ஏன் இந்த வேலை வேண்டும் என்று நாகலக்ஷ்மி அம்மாள் சுற்றி வளைக்காமல் சொன்னார். இங்கே வருகிற பெண்களுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வாசிக்க ஒரு கீர்த்தனை போதும். கல்யாணம் நிச்சயமானால் வீணை பரணுக்கு ஏறிவிடும். பயிற்சிப் பள்ளியில் நாலு டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இப்போது கிடைக்காவிட்டால் அப்புறம் வயசாகிவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

"சிபாரிசுன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் போய் நின்னதில்லை. உங்ககிட்டதான் கேக்கறேன்" என்றார்.

சாம்பசிவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லிங்கப்பன் அந்த வாரம் மைசூரில்தான் முகாம் போட்டிருக்கிறார், நானே போய்ப் பேசி முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை சரிகைத் தலைப்பாகையும் நீளக் கோட்டுமாக ஜட்கா வண்டி ஏறினார். லிங்கப்பன் தங்கியிருந்த பங்களாவில் காப்பி வந்தது, உபசாரம் நடந்தது, சாம்பசிவனும் ஆரம்பித்தார். நாகலக்ஷ்மி அம்மாளைப் போல ஒரு விதுஷி சமஸ்தானத்திலேயே கிடையாது என்றார். அபூர்வப் பிறவி என்றார். விட்டுக்கொடுக்கத் தனக்கு மனசே இல்லை, ஆனாலும் கலையின் நன்மைக்காக என்று சொல்லும்போதுதான், இதே வார்த்தைகளைப் போன வருஷமும் சொன்னோமே என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் லிங்கப்பன் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"தொட்டையனுக்கும் இதே பாட்டைத்தான் பாடினீர், ஸ்வாமி" என்றார் லிங்கப்பன். "அந்த அம்மாள் வகுப்பிலே தூங்குவாரா, இல்லை வேறே ஏதாவதா?"

சாம்பசிவன் பதறிப்போய்ச் சத்தியம் செய்தார். செய்யச் செய்ய லிங்கப்பனுக்குச் சந்தேகம்தான் வலுத்தது. ஷிமோகாவில் ஒரு அம்மாள் இருக்கிறாராம், அவரை அனுப்ப மாட்டேன் என்று அந்த ஊர் ஹெட்மாஸ்டர் சண்டை பிடிக்கிறாராம், அவரையே போட்டுவிடப் போகிறேன், நாளை சாயங்காலம் உத்தரவு என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுந்துகொண்டார். சாம்பசிவன் அசடு வழிய வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் திறந்து கேட்காதவர் ஒரு தடவை கேட்டார், அதையும் கெடுத்துவிட்டு வந்தேனே என்று மனைவி மீனாக்ஷியிடம் புலம்பினார். மீனாக்ஷி முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்புக்குக் காரணம் தேவம்மா. தேவம்மா அந்த வீட்டில் பத்துப் பாத்திரம் தேய்க்கிறவள், கை அத்தனை சுத்தம். போன மாசம் எதிர்வீட்டு அம்மாள் வந்து, உங்கள் தேவம்மா எப்படி, எங்கள் வீட்டுக்கும் வரச்சொல்லட்டுமா என்று கேட்டபோது மீனாக்ஷி என்ன சொன்னாள் தெரியுமா? ஐயோ, அவளா, நேரத்துக்கு வரமாட்டாள், கிண்ணத்தையெல்லாம் ஒடுக்கு விழப் போட்டுவிடுவாள் என்று வாய் கூசாமல் சொல்லியனுப்பினாள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் லேசுப்பட்டவளா? அன்றைக்கே தேவம்மாவுக்குக் கூடச் சம்பளம் தருவதாக ஆள் அனுப்பிவிட்டாள்.

"வேண்டியவாளை யாராவது புகழ்வாளோ? ஒளிச்சுன்னா வெச்சுப்பா" என்றாள் மீனாக்ஷி. "நாளைக்குப் போய் அனுப்பமாட்டேன்னு சண்டை போடுங்கோ."

மறுநாள் மத்தியானம் சாம்பசிவன் மறுபடியும் பங்களாவுக்குப் போனார். வழியெல்லாம் ஜட்காவுக்குள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துப் பழகிக்கொண்டே போனார். நேற்றுச் சொன்னதையெல்லாம் மறந்துவிடுங்கள், நாகலக்ஷ்மி அம்மாளை அனுப்ப முடியாது என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். லிங்கப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

அப்புறம் குறைகளை அடுக்கினார். மணி அடித்தாலும் அந்த அம்மாள் வகுப்பை விடமாட்டார், அடுத்த வகுப்புக் கணக்கு வாத்தியார் வராந்தாவில் தேவுடு காத்துக்கொண்டு நிற்பார். தான் வீணை வாசிக்கும்போது பெரிய அதிகாரி ஒருத்தரின் சம்சாரம் பேசினாள் என்று, அவளை வெளியே போய்ப் பேசச் சொல்லிவிட்டார். வேண்டியவர் பெண்ணாயிற்றே என்று ஒரு மார்க் கூடப் போடச் சொன்னால் போடமாட்டார். வேடிக்கை என்னவென்றால், இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

அத்தனை தொல்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கவேண்டியதுதானே என்று லிங்கப்பன் ஆழம் பார்த்தார்.

"யாரைப் போடுவேன்?" என்றார் சாம்பசிவன். "மூணாவது மணி அடிச்சா அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீணை கேக்கணும். கேக்கலைன்னா அந்த நாற்காலியிலே உக்காந்து நான் என்ன பண்ணுவேன்? அவரை என்கிட்டேயே விட்டுடுங்கோ, ஸ்வாமி."

சொல்லிவிட்டு அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. மீனாக்ஷி சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. கண் வேறு கரித்தது. சால்வை நுனியால் துடைத்துக்கொண்டார்.

லிங்கப்பன் மறுபடியும் பேனாவை எடுத்தார். பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டு, நாகலக்ஷ்மி அம்மாள் பெயருக்கு உத்தரவு தயார் பண்ணச் சொன்னார். இப்போதாவது நிஜமாகவே தகராறு பண்ணி, அந்த அம்மாள் போகாதபடி அதை நிறுத்திவிடலாமா என்று சாம்பசிவனுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பின லிங்கப்பன், கவலைப்படவேண்டாம், பதிலுக்கு ஹாசனிலிருந்து ஒரு வித்வானை அனுப்புகிறேன், அபூர்வப் பிறவி என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார்.

மைசூரில் பங்களாவில் பேசின பேச்சு நாகலக்ஷ்மி அம்மாள் குடியிருக்கிற மண்டி மொஹல்லாவுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? மறுநாள், உத்தரவு காலேஜுக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த அம்மாள் பிரின்சிபால் அறைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"என்னை அனுப்பமாட்டேன்னு போய்ச் சொன்னேளாமே."

சாம்பசிவன் ஒன்று விடாமல் ஒப்பித்தார். தொட்டையன் குறட்டையில் ஆரம்பித்துத் தேவம்மா வரைக்கும் எல்லாம் வந்தது, உத்தரவு இன்றைக்குள் வந்துவிடும் என்பதும் வந்தது. கடைசியில் சுவரைப் பற்றித் தான் சொன்னதையும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அந்த அம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

"அப்போ எல்லாம் வேஷம்தானா?"

"பாதி வரைக்கும் வேஷம்தான். அப்புறம் அது எங்கே போச்சுன்னு எனக்கே தெரியலை."

மூன்றாவது மணி அடித்தது. நாகலக்ஷ்மி அம்மாள் வகுப்புக்குப் போய்விட்டார். சாம்பசிவன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் வந்து உட்காருகிற சத்தம் கேட்டது, ஜமக்காளம் விரிக்கிற சத்தம் கேட்டது, வீணை மட்டும் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டுவிட்டாரா, உடம்புக்கு ஏதாவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. லீவுக் காகிதத்தோடு வந்த குமாஸ்தாவை அப்புறம் வரச்சொல்லிவிட்டு, தலைப்பாகைகூட வைத்துக்கொள்ளாமல் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்.

பெண்களெல்லாம் எழுந்து நின்றார்கள். நாகலக்ஷ்மி அம்மாள் வீணையை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"கேக்கலைன்னா என்ன பண்ணுவேள்னு பார்த்தேன்" என்றார்.

அப்புறம் பக்கத்தில் இருந்த தம்புராவை அவர் பக்கம் லேசாகத் தள்ளினார்.

பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சாம்பசிவனுக்குத் தம்புராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த அம்மாள் காட்டின விரலால் காட்டின தந்தியை மீட்டினார். வீணை ஆரம்பித்தது. மணி அடித்து, கணக்கு வாத்தியார் வராந்தாவில் வந்து நின்று, செருமியும் பார்த்துவிட்டார். நாகலக்ஷ்மி அம்மாள் நிறுத்தவில்லை, சாம்பசிவனும் எழுந்திருக்கவில்லை.